படுக்கையோரம் நிற்க வேண்டிய பட்டம்

(செவிலியர் உயர்கல்வி குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செவிலியரைப் பற்றி மேடையில் பேசுகிறவர்களுக்கு வழக்கமாக இரண்டு சொற்கள் கைகொடுக்கும்: தியாகம், தாய்மை. இவ்விரண்டும் இல்லாமல் இன்று பேசிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். தியாகத்துக்குப் பாடத்திட்டம் போட முடியாது, தேர்வு வைக்க முடியாது. நர்சிங்குக்குப் பாடத்திட்டம் உண்டு, தேர்வு உண்டு, நான்கு ஆண்டு முடிவில் பல்கலைக்கழகம் கொடுக்கும் பட்டமும் உண்டு. அந்தப் பட்டம்தான் என் தலைப்பு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செவிலியர் கல்வியை மருத்துவமனையின் பிடியிலிருந்து மீட்டுப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது சரியான காரியம். ஆனால் மீட்ட வேகத்தில் கல்லூரி வேறு, வார்டு வேறு என்று ஆக்கிவிட்டோம். பாடம் நடத்துகிறவரிடம் நோயாளி இல்லை. நோயாளியைப் பார்க்கிறவரிடம் மாணவர் இல்லை. இவ்விரண்டும் ஒன்றுசேராத வரை பட்டத்தால் மாணவருக்கு வேலை கிடைக்கலாம். நோயாளிக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காது.

மருத்துவமனை நடத்திய பள்ளி

1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் தொடங்கிவைத்த பயிற்சிப் பள்ளிதான் பின்னால் பல நாடுகளுக்கு முன்மாதிரியானது. சென்னைக்கு நர்சிங் பயிற்சி வர அதிக காலம் ஆகவில்லை. இன்றும் நாம் ஜி.எச். என்று சொல்கிற அரசு பொது மருத்துவமனையில் 1871-இல் நான்கு மாணவியரோடு அது தொடங்கியது. மருத்துவச்சிகளுக்கான பயிற்சி அதற்கும் முந்தையது. 1854-லேயே சென்னையில் அதற்கு அரசு ஒப்புதல் இருந்தது. வேலூரில் ஐடா ஸ்கடரின் மருத்துவமனையில் 1909-இல் டெலியா ஹூட்டன் என்ற செவிலியர் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

உலகெங்கும் அந்தக் காலத்துப் பள்ளிகள் ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் நடந்தன. நடத்துவது மருத்துவமனை. மாணவி அங்கேயே தங்குவார். சாப்பாடும் சிறிய உதவித்தொகையும் கிடைக்கும். பதிலுக்கு வார்டில் உழைப்பார். கட்டில் விரிப்பது, பெட் பேன் வைப்பது, கட்டுப் போடுவது, இரவு டூட்டி பார்ப்பது எல்லாம் மாணவியின் தலையில். மிஞ்சிய நேரத்தில் வகுப்பு. வார்டில் ஆள் குறைந்தால் முதலில் ரத்தாவது வகுப்புதான். கை நன்றாகத் தேறிவிடும். ஏன், எதற்கு என்று கேட்க நேரம் இருக்காது.

இதை மாற்ற வேண்டும் என்ற குரல் அமெரிக்காவில் வலுவாக எழுந்தது. 1909-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகம் ஒரு செவிலியர் பள்ளியைத் தனக்குள்ளேயே தொடங்கியது. அதற்காக வாதாடியவர் ரிச்சர்ட் ஓல்டிங் பியர்ட் என்ற மருத்துவப் பேராசிரியர். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஒரு பெரிய பல்கலைக்கழகம் மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இடம் கொடுக்கும்போது செவிலியருக்கு மட்டும் ஏன் கொடுக்கக்கூடாது என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைத்தது. 1923-இல் வெளியான கோல்ட்மார்க் அறிக்கை, மாணவியரை மலிவான வேலையாட்களாக நடத்தும் மருத்துவமனைப் பள்ளிகளைக் கடுமையாக விமர்சித்தது. அதே ஆண்டில் யேல் பல்கலைக்கழகம் தன் நர்சிங் பள்ளியைத் திறந்தது. வேலை முதலில், படிப்பு பிறகு என்றிருந்த வரிசையைத் திருப்பிப் போடுவதுதான் இந்த முயற்சிகளின் நோக்கம்.

1946-க்குப் பிறகு

நம் நாட்டில் அந்தத் திருப்பம் 1946-இல் வந்தது. ஜோசப் போர் தலைமையிலான சுகாதாரக் குழு அந்த ஆண்டு தன் அறிக்கையைக் கொடுத்தது. பிரிக்கப்படாத இந்தியாவில் அப்போது ஏறத்தாழ 7,000 செவிலியர். 43,000 பேருக்கு ஒருவர். அதே ஆண்டு டெல்லியிலும் வேலூரிலும் பி.எஸ்சி. நர்சிங் தொடங்கியது. டெல்லிக் கல்லூரிக்குப் பின்னர் ராஜகுமாரி அம்ரித் கௌர் பெயர் சூட்டப்பட்டது. வேலூர்க் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947-இல் வந்தது. எம்.எஸ்சி. நர்சிங் டெல்லியில் 1959-இல் தொடங்கியது.

பட்டம் வந்ததால் சமூகத்திலும் ஒரு மாற்றம் ஏற்பட்டது. பிறர் உடலைத் தொடுவது, மலமும் சலமும் எடுப்பது, இரவில் வெளியே தங்கி வேலை பார்ப்பது என்பதற்காகப் பல குடும்பங்கள் பெண்களை இந்த வேலைக்கு அனுப்பத் தயங்கின. தீட்டும் சாதியும் ஊர்வாயும் சேர்ந்து கதவைச் சாத்தியிருந்தன. நெடுங்காலம் கிறித்தவ, ஆங்கிலோ இந்தியப் பெண்கள்தாம் இந்தத் துறையைத் தாங்கினார்கள். 'என் மகள் பி.எஸ்சி. படிக்கிறாள்' என்று சொல்ல முடிந்தபோது அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது.

இன்று தமிழ்நாட்டில் நர்சிங் பட்டம் என்றால் பெரும்பாலும் கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டம்தான். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி 1988-இல் செயல்படத் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. அதன் கீழ் நான்கு ஆண்டு பி.எஸ்சி., டிப்ளமோ முடித்தவர்கள் சேரும் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி., இரண்டு ஆண்டு எம்.எஸ்சி., அதற்கு மேல் பிஎச்.டி. என்று ஏணி முழுதாக இருக்கிறது. எம்.எஸ்சி.யில் ஐந்து பிரிவுகள்: மருத்துவ அறுவை, குழந்தைகள் நலம், மகப்பேறு, சமூக நலம், மனநலம். தீவிர சிகிச்சைக்கென நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பையும் கவுன்சில் வகுத்திருக்கிறது.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். இது இணைப்புப் பல்கலைக்கழகம். பாடத்திட்டம், தேர்வு, இணைப்பு அனுமதி, பட்டம் எல்லாம் அதன் கையில் இருக்கின்றன. வார்டு மட்டும் அதன் கையில் இல்லை. வார்டு கல்லூரியின் மருத்துவமனையில் இருக்கிறது. இல்லையென்றால் கல்லூரி ஒப்பந்தம் போட்ட வேறொரு மருத்துவமனையில் இருக்கிறது. இணைக்கப்பட்ட நர்சிங் கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியார் கல்லூரிகள். அரசுக் கல்லூரிகள் நெடுங்காலம் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. பட்டம் கொடுப்பவருக்கும் பட்டம் உருவாகும் இடத்துக்கும் இடையே உள்ள தூரம் இதில் தெரிகிறது.

பட்டம் என்ன செய்யும்?

ஊசி போட, டிரிப் ஏற்ற, கட்டு மாற்ற மூன்றாண்டு டிப்ளமோ போதாதா, எதற்குப் பட்டம் என்று இன்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்கு விடை தேடியவர்களில் முதன்மையானவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லிண்டா ஐக்கன். அவரும் அவருடைய ஐரோப்பிய சகாக்களும் 9 நாடுகளில் 300 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 4,22,730 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து, 2014-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். ஒரு செவிலியர் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது, 30 நாட்களுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. செவிலியரில் பட்டதாரிகளின் பங்கு 10 சதவீதம் உயர்ந்தால் அந்த வாய்ப்பு 7 சதவீதம் குறைந்தது.

இது எப்படி நடக்கிறது? ஒரு வார்டு சார்ட்டைக் காட்டுகிறேன். விளக்கத்துக்காக நான் எழுதிக்கொண்டது. ஆனால் வார்டு தெரிந்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வீர்கள். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். நோயாளி 60 கிலோ எடையுள்ள பெண். காலை 6 மணிக்கு நாடி 88, மூச்சு 18, பி.பி. 120/80. 10 மணிக்கு நாடி 100, மூச்சு 22, பி.பி. 112/76. பிற்பகல் 2 மணிக்கு நாடி 116, மூச்சு 28, பி.பி. 100/70. சிறுநீர் சேகரிக்கும் பையில் கடைசி 4 மணி நேரத்தில் சேர்ந்தது 80 மில்லி.

பி.பி.யை மட்டும் பார்த்தால் பயம் வராது. நல்ல உடல்நிலையில் இருக்கும் பலருக்கே 100/70 இருக்கும். காய்ச்சல் இல்லை. கேட்டால் 'கொஞ்சம் படபடப்பா இருக்கு சிஸ்டர்' என்று மட்டும் சொல்வார். ஆனால் நான்கு எண்களையும் சேர்த்து, காலையிலிருந்து வரிசையாகப் படிக்கிறவருக்கு வேறொன்று தெரியும். 60 கிலோ உடல் மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் பிரிக்க வேண்டும். 4 மணி நேரத்துக்கு 120 மில்லி வந்திருக்க வேண்டும். நாடியும் மூச்சும் ஏறிக்கொண்டே போகின்றன. உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது, அல்லது தொற்று ரத்தத்தில் பரவுகிறது. உடல் முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கும் வரை பி.பி. பெரிதாக இறங்காது, இறங்கும்போது கைமீறிப் போயிருக்கும். 2 மணிக்கே டாக்டரை அழைத்து, 'நாடி இவ்வளவு, மூச்சு இவ்வளவு, யூரின் இவ்வளவு, வந்து பாருங்கள்' என்று உறுதியாகச் சொல்லும் செவிலியர் அந்த உயிரைக் காப்பாற்றுகிறார். இரவு ரவுண்ட்ஸ் வரை காத்திருந்தால் அது நடக்காது.

இந்த வாசிப்புக்கு உடற்செயலியல் தெரிந்திருக்க வேண்டும், மருந்தியல் தெரிந்திருக்க வேண்டும், டாக்டரிடம் வாதாடும் தன்னம்பிக்கை வேண்டும். பட்டப்படிப்பு தர வேண்டியது இதைத்தான். ஆனால் அதே சார்ட்டில் மூச்சு எண்ணிக்கைக் கட்டத்தைப் பல வார்டுகளில் பாருங்கள். நோயாளி யாராக இருந்தாலும் 20 என்றே எழுதியிருக்கும். ஒரு நிமிடம் முழுதாக மார்பின் ஏற்ற இறக்கத்தை எண்ண ஆளுக்கு நேரமில்லை; எண்ணினால் அதற்கு என்ன பொருள் என்று அருகில் நின்று சொல்லித்தரவும் ஆளில்லை.

ஐக்கன் குழுவின் ஆய்வை நம் ஊர்க் கல்லூரிகளும் மேற்கோள் காட்டுகின்றன. ஒன்றை மறந்துவிடுகிறோம். அந்த ஆய்வு எண்ணியது நோயாளி அருகே வேலை பார்த்த பட்டதாரிகளை. பட்டம் வாங்கி வார்டை விட்டுப் போனவர்களை அது எண்ணவில்லை.

பிரிந்துபோன இடம்

இனி நம் நிலைமை. நர்சிங் கவுன்சில் திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டம் 2021-22 கல்வியாண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. எட்டு செமஸ்டர், கிரெடிட் முறை. வகுப்பறையில் வாரம் ஒரு மணி நேரம், செமஸ்டருக்கு 20 மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு கிரெடிட். வார்டில் அதே ஒரு கிரெடிட்டுக்கு வாரம் 4 மணி நேரம், மொத்தம் 80 மணி நேரம் நிற்க வேண்டும். கடைசி செமஸ்டரில் 22 வாரம் இன்டர்ன்ஷிப். மணிக்கணக்கைப் பார்த்தால் வார்டுக்குக் குறையே இல்லை. அந்த 80 மணி நேரத்தில் மாணவியின் பக்கத்தில் நிற்பவர் யார் என்பதுதான் கேள்வி.

கல்லூரியிலிருந்து ஒரு டியூட்டர் வருகிறார். அவருக்கு அந்த வார்டில் எந்த அதிகாரமும் இல்லை. எந்த நோயாளிக்கு நேற்று இரவு என்ன ஆயிற்று என்று தெரியாது. ஹேண்டிங் ஓவர் நேரத்தில் அவர் அங்கே இருப்பதில்லை. அவரால் செய்ய முடிந்தது வருகைப்பதிவு எடுப்பது, கேர் பிளான் நோட்டைத் திருத்துவது, புரொசீஜர் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது. வார்டு சிஸ்டருக்கு எல்லாம் தெரியும். அவருக்கோ மாணவர்கள் இடைஞ்சல். கற்பிப்பது அவர் வேலைப் பட்டியலில் இல்லை, அதற்கு ஒரு ரூபாய் சம்பளமும் இல்லை. நர்சிங் கவுன்சிலின் நெறிப்படி பயிற்சி மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் வேண்டும். மற்ற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர். விடுப்புக்கென 30 சதவீதம் கூடுதலாக வேண்டும். உண்மையில் ஓர் இரவு டூட்டியில் எத்தனை படுக்கைக்கு எத்தனை பேர் என்பதை இந்த அவைக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்த நெருக்கடியில் இருக்கும் ஒருவரிடம் 'இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்' என்று வெறுங்கையோடு கேட்பது அநியாயம்.

பணி நியமனமும் இந்தப் பிரிவைக் கூட்டுகிறது. அரசில் ஸ்டாஃப் நர்ஸ் பதவிக்கு டிப்ளமோ, பட்டம் இரண்டுமே தகுதி. நுழைந்த பிறகு ஒரே வேலை, ஒரே ஊதியம். டிப்ளமோ படித்தவர்களைக் குறைத்துச் சொல்ல இதைக் குறிப்பிடவில்லை. இந்த மாநிலத்தின் மருத்துவமனைகளைத் தாங்கியவர்கள் அவர்கள். ஆனால் நான்கு ஆண்டு படித்து, மேலே எம்.எஸ்சி.யும் முடித்தவருக்கு வார்டில் அதற்குரிய பதவி ஒன்று வேண்டாமா? அது இல்லாததால் எம்.எஸ்சி. முடித்தவர் ஆசிரியராகக் கல்லூரிக்குப் போகிறார். தீவிர சிகிச்சையில் தேர்ந்தவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இல்லை. பிளாக்போர்டு முன்னால் நிற்கிறார். மற்றவர்கள் வளைகுடாவுக்கோ பிரிட்டனுக்கோ ஜெர்மனிக்கோ விண்ணப்பிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுத்த செவிலியருக்குத் தொடக்கத்தில் தொகுப்பூதியமாகக் கொடுக்கப்பட்டது மாதம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்; சிலர் அந்தக் கூட்டத்திலேயே இருந்திருப்பீர்கள்.

இணைப்பு ஆய்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆய்வுக் குழு வந்தால் நாம் காட்டுவது ஆய்வகம், மானெக்வின், நூலகப் பதிவேடு, ஆசிரியர் சான்றிதழ். ஆய்வு நாளில் மட்டும் நிரம்பும் இருக்கைகளும் படுக்கைகளும் உள்ள கல்லூரிகள் இருக்கின்றன என்பது ஊரறிந்த ரகசியம். மாணவர் தினமும் போகும் வார்டுக்குள் நுழைந்து ஒரு சார்ட்டை எடுத்துப் பார்க்கும் ஆய்வாளர் அபூர்வம்.

ஒன்றாக இருந்தால் என்ன நடக்கும்?

வேறு வழி நடைமுறையில் இருக்கிறது. ஐடா ஸ்கடர் நிறுவிய வேலூர் சி.எம்.சி.யில் கற்பித்தலும் பணியும் ஒரே அமைப்பின் இரு பகுதிகள். கல்லூரி ஆசிரியருக்கு மருத்துவமனையில் பணிப் பொறுப்பும் உண்டு. காலையில் பாடம் எடுத்தவர் வார்டு நோயாளிகளுக்கும் பதில் சொல்ல வேண்டியவர். மாணவர் தவறு செய்தால் அது நோட்டுப் புத்தகத் தவறாக முடிந்துவிடாது. ஆசிரியரின் சொந்தப் பிரச்சினையாகிறது. பாடப் புத்தகத்தில் இருப்பது வார்டில் நடக்கவில்லை என்றால், வார்டை மாற்றும் அதிகாரமும் அவரிடம் இருக்கிறது.

அரசுத் துறையிலும் ஒரு பாடம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை ஷிஃப்ட் முறையில் நியமித்து, 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு கொண்டுவந்தது. இரவு இரண்டு மணிக்கு வலியோடு வரும் கர்ப்பிணியைப் பார்ப்பவர் செவிலியர். இங்கேயே பிரசவம் பார்க்கலாமா, 108-ஐ அழைத்து மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டுமா என்று முதலில் கணிப்பவரும் அவர்தான். 2018-20 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் பேறுகால மரண விகிதம் ஒரு லட்சம் பிறப்புக்கு 54. நாட்டின் சராசரி 97. இதற்கு ரத்த வங்கி, ஆம்புலன்ஸ், சாலை, பெண் கல்வி என்று பல காரணங்கள் உண்டு. முடிவெடுக்கும் இடத்தில் பயிற்சி பெற்ற செவிலியர் நின்றது அவற்றில் ஒன்று என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி தணிப்புச் செவிலியர் நோயாளியின் வீட்டுக்கே போகிறார். அங்கே சீனியர் இல்லை, ரவுண்ட்ஸ் இல்லை. படுக்கைப் புண்ணைப் பார்த்து, கட்டு மாற்றி, வலியின் அளவைக் கேட்டு, வீட்டாருக்குப் புரட்டிப் படுக்கவைக்கக் கற்றுத்தந்து, எப்போது டாக்டர் தேவை என்று தானே கணிக்க வேண்டும். தனியாக நின்று முடிவெடுக்கும் இப்படிப்பட்ட பணிகள் இன்னும் பெருகத்தான் போகின்றன. அவற்றுக்கு ஆள் தயாரிக்கும் பொறுப்பு பல்கலைக்கழகத்துடையது.

நான்கு கோரிக்கைகள்

முதலாவது, கூட்டுப் பதவி. ஒவ்வொரு மருத்துவப் பிரிவு ஆசிரியருக்கும் ஒரு வார்டு பொறுப்பு இருக்க வேண்டும். வாரத்தில் சில நாட்களாவது அவர் அங்கே பணிப்பட்டியலில் இருக்க வேண்டும். அதுபோல அனுபவமுள்ள வார்டு சிஸ்டரைப் பல்கலைக்கழகமே மருத்துவமனைப் பயிற்றுநராக அங்கீகரித்து, அதற்கான படியையும் நேரத்தையும் பெற்றுத்தர வேண்டும். அரசைப் பொறுத்தவரை நர்சிங் கல்லூரியும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ஒரே இயக்ககத்தின் கீழ் இருக்கின்றன. இரண்டு துறைகளுக்கு இடையே கோப்பு அலைய வேண்டிய அவசியம்கூட இல்லை.

இரண்டாவது, இணைப்பு ஆய்வு வார்டில் தொடங்க வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் தொடங்க வேண்டும். இரவில் எத்தனை பேர் டூட்டியில் இருக்கிறார்கள், மாணவரோடு யார் இருக்கிறார்கள், சார்ட்டில் மூச்சு எண்ணிக்கை மாறுகிறதா என்று பார்த்தால் ஒரு கல்லூரியின் தரம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, தேர்வு. ஸ்டேஷன் ஸ்டேஷனாக நடக்கும் ஆஸ்கி (OSCE) முறை பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டது, நல்லது. மானெக்வினுக்கு ஊசி போடத் தெரிகிறதா என்பதோடு அது நிற்கக் கூடாது. இறுதியாண்டு மாணவருக்கு ஒரு சார்ட்டைக் கொடுத்து, 'இந்த நோயாளியை யாரிடம், எப்போது, என்ன சொல்லி ஒப்படைப்பாய்?' என்று கேட்க வேண்டும். தேர்வில் கேட்டால்தான் வகுப்பில் நடத்துவார்கள் என்பதை ஆசிரியராக இருந்த யாரும் அறிவார்கள்.

நான்காவது, பட்டத்துக்கு வார்டிலேயே ஓர் உயர்வு. எம்.எஸ்சி. முடித்தவருக்கும் நர்ஸ் பிராக்டிஷனருக்கும் நோயாளியைப் பார்த்துக்கொண்டே மேலே போகக்கூடிய நிரந்தரப் பதவிகள் வேண்டும். பதவி உயர்வு என்றால் அலுவலக நாற்காலி அல்லது கல்லூரி என்ற நிலை தொடர்ந்தால், நாம் படிக்கவைப்பது நோயாளியை விட்டு விலகுவதற்கே என்றாகும்.

மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி நாடு முழுவதும் 157 புதிய நர்சிங் கல்லூரிகள் தொடங்க 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஒதுக்கீடு 1,570 கோடி ரூபாய். தமிழ்நாட்டின் பங்கு 11 கல்லூரிகள். மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே கல்லூரி வருவதால் தூரம் குறையும். ஆனால் பக்கத்துக் கட்டடத்தில் இருந்துகொண்டே இரண்டு உலகமாக வாழவும் நம்மால் முடியும். இத்தனை காலம் அப்படித்தான் பல இடங்களில் வாழ்ந்திருக்கிறோம். புதிய கல்லூரிகளுக்கு விதி எழுதும்போதே கூட்டுப் பதவியை எழுதிவிட்டால் பழையவற்றையும் பின்னால் மாற்றலாம். 2023-இல் நிறைவேறிய தேசிய செவிலியம் மற்றும் மகப்பேறு உதவி ஆணையச் சட்டத்தின் கீழ் நெறிமுறைகள் வகுக்கப்படும்போது இதை வலியுறுத்தவும் இடமிருக்கிறது.

நான் சொன்ன நான்கில் தேர்வையும் ஆய்வையும் மாற்றப் பல்கலைக்கழகத்தின் தீர்மானமே போதும். கூட்டுப் பதவிக்கு இயக்ககத்தின் ஆணை வேண்டும். நிரந்தரப் பதவிக்குப் பணம் வேண்டும். அதை அரசிடம் கேட்க வேண்டும். இதுவரை அதைக் கேட்டு வீதியில் நின்றவர்கள் செவிலியர் சங்கங்கள் மட்டுமே. பட்டம் கொடுத்தவர்கள், பாடம் நடத்தியவர்கள் யாரும் கூட நின்றதாக எனக்கு நினைவில்லை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பட்டம் கொடுக்கும் ஒரு பல்கலைக்கழகம், அந்தப் பட்டதாரிகளுக்கு வார்டில் இடம் கேட்டுக் கோட்டைக்கு ஒரு கோரிக்கை எடுத்துப் போகட்டும். கேட்டதில் பாதி கிடைத்தாலும், இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் பாதிப் பேர் இந்த ஊரிலேயே, நோயாளி அருகிலேயே இருப்பார்கள்.